நான் தப்பவைத்த தாய்

உனக்கு வேறு வேலையே இல்லையா? டீச்சர் வீட்டில் அன்று ஏன் அழுகைச் சத்தம் கேட்டதென்று இத்தனை வருஷம் கழித்து வந்து கேட்கிறாய். அடுத்த வீட்டு அழுகை என்றால் உன் காதுக்கு அவ்வளவு ருசி! சரி, உட்கார். காலையில் என் கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். கண்ணில் விட்டால் தொண்டையில் கசக்கிறது. அந்தக் கசப்போடு டீச்சர் ஞாபகமும் வந்துவிட்டது. இல்லாவிட்டால் உனக்காவது, சொல்வதாவது!

குண்டசாலையில் டீச்சருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பென்ஷன் எடுத்த பிறகு அவர் வாரப் பத்திரிகை ஒன்றின் இளைஞர் பக்கத்துக்கு நாவல் விமர்சனம் எழுதினார். அவர் புகழ்ந்த புத்தகத்தைப் பள்ளிக்கூடங்கள் வாங்கும். திட்டியது கடையிலேயே கிடந்து கறையான் தின்னும்.

டீச்சருக்குக் கண் ஒப்பரேஷன் செய்த டொக்டர் என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "ரெண்டு கிழமைக்கு வாசிக்கக் கூடாது, அழவும் கூடாது." வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என் வாசிப்பு ஹேவாஹெட்ட மேடு ஏறும் பஸ் மாதிரி, முனகி முனகித்தான் போகும்.

முதல் புத்தகம், பழைய நாடகமொன்றை இந்தக் காலத்துக்கு மாற்றியது. கடைசியில் அந்தப் பெண் விஷம் குடிக்கிறாள். டீச்சரின் உதடு நடுங்கியது. நான் என்ன செய்வேன்? வாசிக்கும்போதே கதையை மாற்றி, குப்பியைத் தட்டிவிட்டு, அவளை த்ரீவீலரில் ஏற்றி, தெல்தெனியவில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். டீச்சர் "ம்" என்றார்.

அடுத்தது ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் முதல் நாவல். கண்டி ராஜா காலத்தில், புருஷன் செய்த குற்றத்துக்காகப் பிள்ளைகளோடு கொல்லப்பட்ட தாயின் கதை. அவளையும் ஆற்றைக் கடத்தித் தப்பவைத்தேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். டீச்சர் கதிரையில் நிமிர்ந்தார். "போனப் புடி."

விமர்சனத்தை அப்போது போனில் பேசிப் பதிந்துதான் பத்திரிகைக்கு அனுப்புவார். பன்னிரண்டு மணிக்குள் போகவேண்டும். பேசினார். "அந்தத் தாய் தப்பவில்லை என்பது கண்டியில் பிறந்த கோழிக்குஞ்சுக்கும் தெரியும். வரலாற்றை ஏமாற்றும் இந்நூலை மாணவர் கையில் கொடுக்கலாகாது."

என் கட்டைவிரல் அனுப்பும் பட்டனுக்கு மேலேயே நின்றது. புத்தகத்துக்குள் அதை எழுதிய பெண் வைத்த கடிதம் இருந்தது. கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு இந்த விமர்சனத்தை வாசித்துக் காட்டப் போகிறாளாம்.

"அனுப்பிட்டியாடி?"

"இல்ல டீச்சர்."

"மணி என்னா?"

"பதினொன்னே முக்கால். டீச்சர்… அந்தம்மாவ தப்ப வெச்சது எழுதின புள்ள இல்ல. நாந்தான்."

எனக்கு அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. எழுந்து போகப் பயமாக இருந்தது.

"மத்தப் புஸ்தகம்?"

"அந்த த்ரீவீலும் நான் புடிச்சதுதான்."

டீச்சர் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தார். இத்தனை வருஷம் சேர்த்த பெயரை, சமையல்காரி ஒருத்தி கால் மணித்தியாலத்தில் ஆற்றில் விட இருந்தாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"வாசி. உள்ளத உள்ளபடி."

"டொக்டரு அழக்கூடாதுன்னு…"

"டொக்டரா விமர்சனம் எழுதுறாரு? வாசிடி!"

வாசித்தேன். தண்ணீர்க் கரையில் அந்தத் தாய் கடைசிப் பிள்ளையின் தலையைக் கோதிவிடுகிறாள். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போனதால் அந்தத் தாய் செத்து முடிய நேரமாகிவிட்டது. ஒரே அடியில் போயிருந்தால் தாங்கியிருப்போம். டீச்சர் வாய்விட்டு அழுதார். நானும்தான்.

பன்னிரண்டு தாண்டிப் போனது இவ்வளவுதான்: "அழக்கூடாது என்று சொல்லப்பட்ட கண்ணால் இந்நூலுக்காக அழுதேன். பிள்ளைகளே, வாசியுங்கள்." விஷம் குடித்தவளையும் மறுநாள் ஒழுங்காகச் சாகவிட்டேன். கிளினிக்கில் டொக்டரிடம் ஏச்சு வாங்கியது நான்.

இப்போது டீச்சரும் இல்லை, அந்த இளைஞர் பக்கமும் இல்லை. அவர் வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். ஹேவாஹெட்டப் பெண்ணின் புத்தகம் என் அலுமாரியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை மட்டும் நான் திறப்பதில்லை.

அன்று சத்தம் கேட்டு உன் அம்மாவோடு நாலு பேர் வாசலுக்கு ஓடிவந்தார்கள். "யாரு போயிட்டாங்க?" என்றார்கள்.

"டீச்சருக்கு வேண்டிய தாய் ஒருத்தி," என்றேன். "காலை வரைக்கும் நாந்தான் உசிரோட வெச்சிருந்தேன்."