எனக்கு எதிராக நின்ற சூசைராஜ் அண்ணன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை புவனகிரியில் ஒரு வீட்டில் காப்பீட்டுப் பாலிசி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. சூசைராஜ் அண்ணனின் மனைவி பிலோமினா அண்ணி.

"மங்கை, அண்ணன் போயிட்டாரு" என்றார். குரலில் அழுகை இல்லை. "அவசரப்பட்டு வண்டி ஓட்டாத. பஸ்ஸுலயே வா."

கடலூர் போய்ச் சேரும்வரை பேருந்தில் எனக்கும் அழுகை வரவில்லை. கட்சிக்காரர்கள் நான்கைந்து பேர் கைப்பேசியில் அழைத்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அக்கா, நீங்க போறீங்களா?" போகாமல் இருப்பேன் என்று அவர்கள் எதிர்பார்த்ததை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சூசைராஜ் அண்ணன் கடலூர் பழைய நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் சிறிய கட்சியில் இளம் வயதிலிருந்தே இருந்தார். நான் சிதம்பரத்தில் காப்பீட்டு முகவர். மகளிர் அணியில் பொறுப்பில் இருந்தேன்.

முதன்முதலில் அவர் குரலைக் கேட்டது ஒரு மாவட்டச் செயற்குழுவில். நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். தலைமை தாங்கியவர் காதில் விழாதது போல அடுத்த தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கினார். பின்வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது: "அந்தம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு அப்பறம் படிங்க." அவ்வளவுதான் சொன்னார். பதில் கிடைத்தது.

பல ஆண்டுகள் கழித்து மாவட்டச் செயலாளர் பதவிக்கு உட்கட்சித் தேர்தல் வந்தது. அதுவரை தலைமை யாரையாவது நியமிக்கும், நாங்கள் கைதட்டுவோம். அந்த முறைதான் உண்மையான வாக்கெடுப்பு. நான் நிற்பதாக அறிவித்த மறுநாள் அவரே என்னை அழைத்தார்.

"தங்கச்சி, நானும் நிக்கறேன். வேற யாரும் சொல்லி நீ கேள்விப்படக் கூடாதுன்னுதான் போன் பண்ணேன். சண்டையா எடுத்துக்காத."

"எடுத்துக்கல அண்ணே."

"நாம எடுத்துக்க மாட்டோம். நம்ம பசங்க எடுத்துப்பானுவ. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவர் பயந்தபடியே ஆனது. ஒரு மாதத்துக்குள் கட்சி கடலூர் கோஷ்டி, சிதம்பரம் கோஷ்டி என்று பிளந்தது. பொம்பளைக்கு எதற்கு மாவட்டம் என்று அந்தப் பக்கம் பேசினார்கள். மாதாகோயில் ஆளிடம் கட்சியை ஒப்படைக்கலாமா என்று என் பக்கம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நான் அழைத்துக் கண்டித்தேன். "சரிக்கா" என்றார்கள். அன்று மாலையே அதைவிடக் கேவலமான ஒன்று வந்தது.

தேர்தலுக்கு முன்பு பெய்த கனமழையில் கீரப்பாளையம் பக்கம் சம்பா நடவு முழுதும் தண்ணீரில் கிடந்தது. நான் பார்க்கப் போயிருந்தேன். அண்ணனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வரப்பில் நின்றார். விவசாயிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நிவாரணம் வாங்கித் தருவீர்களா என்று ஒருவர் கேட்டார்.

"வாங்கித் தரேன்னு சொல்ல எனக்கு வாய் வரலப்பா. வருமான்னே தெரியல" என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "தோ, தங்கச்சி நிக்குது பாரு. ஆபீசர்கிட்ட அது பேசினா எடுபடும். எனக்குக் கோவம்தான் வரும். அது முன்னால போவட்டும், நான் பின்னாடி வரேன்."

தேர்தலில் தன்னை எதிர்த்து நிற்பவளைப் பற்றி, அங்கே வந்திருந்த ஓட்டுள்ள கட்சிக்காரர்கள் காதுபட அவர் அப்படிச் சொன்னார். அதிகாரியிடம் நான் பேசினேன், அவர் பின்னால் நின்றார். நிவாரணம் வரவில்லை. வராத செய்தியைச் சொல்வதற்கும் அவர்தான் வீடு வீடாகப் போனார். தலைவர்கள் பலர் நல்ல செய்தியோடு மட்டுமே வருவார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு அதே வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிக்க அவரால் முடிந்தது. என்னால் இன்றும் முடியாது.

இதையே என் ஆதரவாளர்கள் கூட்டிய கூட்டத்தில் சொன்னேன். "அவரிடம் இருக்கும் இந்தக் குணம் என்னிடம் இல்லை. யார் ஜெயித்தாலும் இருவரும் சேர்ந்துதான் வேலை செய்வோம்" என்றேன். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "அக்கா, நீங்க யாருக்கு ஓட்டு கேக்கறீங்க?" என்றார். சிரிப்பு எழுந்தது. பாதிப் பேர் கிளம்பிப் போனார்கள்.

சிறிய வித்தியாசத்தில் அண்ணன் வென்றார். மேடையேறி அவருக்குச் சால்வை போர்த்தினேன். என் கையைப் பிடித்து, "எறங்கிடாத, கூடவே நில்லு" என்றார். நின்றேன். கீழே என் ஆட்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் சிதம்பரத்தில் தனியாக ஓர் அலுவலகம் திறந்து, என் படம் போட்ட பேனர் வைத்தார்கள். நேரில் போய் எடுக்கச் சொன்னேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். பேனர் அப்படியே இருந்தது. அண்ணனும் ஒருமுறை தனியாக அங்கே போனார். அவரை உள்ளே விடவில்லை. கடைசியில் தலைமை மாவட்டக் குழுவையே கலைத்துவிட்டு வெளியூர்க்காரர் ஒருவரைப் பொறுப்பாளராக அனுப்பியது. அண்ணன் ஜெயித்ததும் இல்லை, நான் தோற்றதும் இல்லை என்றாகிவிட்டது. கோஷ்டிகள் மட்டும் மிச்சம்.

அண்ணனுக்கு ஈரலில் நோய் என்று தெரிந்தபோது முற்றியிருந்தது. புதுச்சேரி மருத்துவமனையில் பார்த்தேன். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"ஒனக்கு ஓட்டு போட்டிருப்பேன் தங்கச்சி" என்றார். "நான் நிக்காம இருந்திருந்தா."

"நானும்தான் அண்ணே."

அவர் சிரிக்க முயன்றார். இருமல் வந்தது. அண்ணி முதுகைத் தடவிக்கொடுத்தார்.

செவ்வாயன்று நான் போனபோது அண்ணன் வீட்டு வாசலில் தகராறு. இரண்டு கோஷ்டியும் ஆளுக்கொரு கட்சிக் கொடியோடு வந்திருந்தார்கள். நிறமும் சின்னமும் ஒன்றுதான். அண்ணன் உடல்மேல் யார் போர்த்துவது என்பதுதான் சண்டை. நான் இடையில் போய்க் கெஞ்சினேன். "நீங்க ஒதுங்குங்கக்கா" என்றார் என் பக்கத்துக்காரர் ஒருவர். மற்றவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை.

சத்தம் கேட்டு அண்ணி வெளியே வந்தார். "ரெண்டு கொடியும் வேணாம். அவுரு வேட்டி சட்டையோடயே போவட்டும்" என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

வாழ்நாள் முழுதும் கட்சிக்கு உழைத்த மனிதரைக் கொடி இல்லாமல் தூக்கிச் சென்றோம்.

கல்லறைத் தோட்டத்தில் பாதை குறுகல். எல்லோரும் ஒரே வரிசையில்தான் போக வேண்டியிருந்தது. சாமியார் ஜெபம் முடித்ததும் ஒவ்வொருவராகக் குனிந்து மண் போட்டார்கள். கொடி வைத்திருந்த இருவரும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் மண்ணை அள்ளினார்கள். ஒருவர் விலகி மற்றவருக்கு வழி விட்டார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

மனதுக்குள் அவரிடம் சொன்னேன்: அண்ணே, இவர்களை ஒரு வார்த்தை பேச வைக்க உங்களால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. வெயில் தாழ்ந்துவிட்டது, எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நீங்கள் தூங்குங்கள். நான் கொஞ்ச நேரம் இங்கே நின்றுவிட்டுப் போகிறேன்.