மேசையில் விட்டுவந்த போன்

எனக்குக் காது மந்தம். மகன் வாங்கித் தந்த இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு, போனை ஆட்களுக்கு முன்னால் வைத்தால், அவர்கள் பேசுவது தெளிவாகக் காதில் விழும்.

அவனுக்குப் பெண் பார்க்க உக்குவளைக்குப் போனோம். பலகாரம் சாப்பிட்டதும், போனை மேசையிலேயே விட்டுவிட்டுக் கைகழுவ வெளியே போனேன். குழாயடியில் நிற்கும்போது, உள்ளே என் மனைவி பெண்ணிடம் சொல்வது கேட்டது.

"மாமனாரால ஒனக்கு ஒரு கரைச்சலும் வராது புள்ள. நான் என்னா திட்டினாலும் அவருக்குக் கேக்காது. சிரிச்சிக்கிட்டே தலையாட்டுவாரு."

"கேக்குதுடி!" என்று அங்கிருந்தே கத்திவிட்டேன்.

சம்பந்தம் போச்சு என்று பயந்துகொண்டே உள்ளே வந்தால், பெண் சிரிப்பை அடக்கமுடியாமல் நின்றாள். சம்மதமாம்.

இப்போதெல்லாம் எழுந்தால் போனோடுதான் எழுகிறேன். மனைவி திட்டத் தொடங்கினால் மட்டும், இயர்பட்ஸைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறேன்.