வரப்பு நகரவில்லை

கொரோனா வந்து ஊரை அடைத்த முதல் வருஷம் அது. திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். என் வீட்டுக்காரருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சியே கிடையாது. முள் குத்தினாலும் நான் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால், கோடை தொடங்கும்போதே, வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்தது.

முதலில் ஆஸ்பத்திரியில்தான் கட்டுப் போட்டார்கள். ஊரடங்கு வந்ததும் பஸ் நின்றது. கட்டுப் போடுகிற அறையையும் கொரோனா வார்டாக்கிவிட்டார்கள். பிறகு நானேதான் கழுவிக் கட்டினேன். எனக்கு அருவருப்பு எல்லாம் கிடையாது. மெதுவாகச் சிவப்புச் சதை பிடித்து வந்தது. காலை ஊன்றக் கூடாது, ஈரம் படக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னதை அவரிடம் தினமும் கத்திக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் பார்த்து மேட்டூரில் உரிய நாளில் தண்ணீர் திறந்தார்கள். கடைமடையில் இருக்கிற எங்களுக்கும் வந்தது. தண்ணீர் வந்ததும் எல்லோரும் வரப்பு கழிக்க, வரப்போரத்துப் புல்லையும் மண்ணையும் மண்வெட்டியால் செதுக்கிவிட, இறங்கினார்கள். எங்கள் பக்கத்து வயல் பங்காளியுடையது, இவருடைய பெரியப்பா மகன். வரப்பு கழிக்கிற சாக்கில் வருஷா வருஷம் எங்கள் பக்கம் மண்ணைச் சுரண்டுகிறவர். கோர்ட்டில் கேஸ் நடக்கிறது.

"நான் போய் நிக்கலன்னா ஒரு சாண் உள்ள வந்துருவான்" என்றார் இவர்.

"வந்தா வரட்டும். கால் போயிடுங்க."

"நெலம் போனப்புறம் கால் எதுக்குடி?"

என் மாமனார் குத்தகைக்கு உழுது, பண்ணை ஆட்களிடம் அடிபட்டு, சட்டம் வந்தபின் பட்டா வாங்கிய நிலம் அது. அதைச் சொன்னால் என் வாய் அடைத்துவிடும் என்று இவருக்குத் தெரியும்.

புண் காலில் உரச்சாக்கின் உள்கவரை மாட்டி, கணுக்காலில் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். சர்க்கரைக்காரர்களுக்கென்று வாங்கிய செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டார். எங்கள் பக்கம் வயலில் யாரும் செருப்போடு இறங்க மாட்டோம். லட்சுமியை மிதிக்கிற மாதிரி. காலையிலிருந்து உச்சிவரை சேற்றில் நின்றிருக்கிறார். கவர் கிழிந்து சேறு உள்ளே போனதும் தெரியவில்லை, கயிறு சதையை அறுத்ததும் தெரியவில்லை. வீட்டில் நான் கவரை உருவினபோது புண்ணுக்குள் சேறு அப்பியிருந்தது.

அடுத்தடுத்த நாளில் கால் வீங்கிக் கறுத்தது. காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் என்றதும் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. பங்காளியின் கார் கொட்டகையில் நின்றது. கேட்டேன். வாசலில் நின்று கெஞ்சினேன். "கொரோனாவா இருந்தா எங்க புள்ளைங்களுக்கு யாரு பொறுப்பு?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டாள்.

சைக்கிளில் இவரை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே மெயின் ரோட்டுக்குப் போனேன். முத்துப்பேட்டையிலிருந்து தஞ்சாவூருக்கு மீன் ஏற்றிப் போகும் வண்டி ஒன்று நின்றது. காய்ச்சல் இருப்பதை மறைக்காமல் சொன்னேன். "புண்ணு நாத்தம் வேற அடிக்குது தம்பி" என்றேன்.

"நாத்தமா? அக்கா, எனக்குக் கல்யாணமாகி என் பொண்டாட்டி மூணு மாசம் மூக்க மூடிக்கிட்டுத்தான் சோறு போட்டா. ஏத்துங்க" என்றார் டிரைவர். இவரைத் தோளில் தாங்கித் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். என்னைப் பின்னால் மீன் பெட்டிகளோடு ஏறச் சொன்னார். வழியில் போலீஸ் நிறுத்தியபோது அவர்தான் பேசினார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போனார். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

கொரோனா இல்லை. சேற்றில் வந்த விஷம் மேலே ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர்.

பிறகு சர்வேயர் வந்து அளந்தார். அந்த வருஷம் வரப்பு ஒரு விரல்கூட நகரவில்லை. காத்துவிட்டார் மனுஷன். அதன்மேல் நடக்கத்தான் அவரால் முடியவில்லை.

இப்போது எனக்கும் சர்க்கரை. ரப்பர் பூட்ஸ் போட்டுத்தான் வயலில் இறங்குகிறேன். லட்சுமி மேல் செருப்போடு நிற்கலாமா என்று கேட்பவர்களிடம், "அவளுக்கு எங்க வீட்டுலேருந்து ஒரு கால் குடுத்தாச்சு, போதும்" என்கிறேன். பங்காளி மேலும், இவர் மேலும், கதவைச் சாத்திய தெரு மேலும் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. விடியலில் ரோட்டுப் பக்கம் மீன் வண்டி ஹாரன் கேட்கும்போது மட்டும் அது கொஞ்சம் இறங்குகிறது.