காலை நனைத்துவிட்டு வந்த பைலட்

மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் எனக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. காரணம், பண்ணை வாசலில் தரையோடு தரையாகக் கட்டியிருக்கும் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. இரண்டு பாதமும் அதில் நனையாமல் யாரும் உள்ளே வர முடியாது. வெளியிலிருந்து சீக்கு ஒட்டிக்கொண்டு வந்தால் பண்ணையே காலி என்பது உண்மைதான். ஆனால் மகளைப் பார்க்க வந்த மாமனாரைப் பட்டு வேட்டியோடு அதில் இறக்கியது அதிகம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். கோழிக்குச் சத்தமும் ஆகாது, மிரண்டால் முட்டை குறையும். கோயில் நோம்பிக்கு வெடி போட்டவர்களோடும் சண்டைக்குப் போயிருக்கிறேன்.

அன்றைக்குக் காலையிலிருந்து மழை. மேகம் தென்னை உயரத்துக்கு இறங்கிக் கிடந்தது. கூரைக்கு மேலே ஏதோ உறுமிக்கொண்டு போனது, திரும்பி வந்தது, பிறகு மடாரென்று ஒரு சத்தம். கோழிகள் கூண்டுக்குள் இறக்கையடித்துக் கதறின. பக்கத்துக் காட்டில் போர்க்கிணறு தோண்ட வந்த ரிக் வண்டிக்காரன் எதையோ கவிழ்த்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். திட்ட வேண்டியதை மனதுக்குள் அடுக்கியபடி குடையை விரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

கரும்புக் காட்டுக்குள்ளிருந்து ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். நெற்றியில் ரத்தம், உடம்பெல்லாம் சேறு, ஒரு காலில்தான் ஷூ. அவருக்குப் பின்னால் கரும்புக்கு மேலே ஒரு வெள்ளை வால் நீட்டிக்கொண்டிருந்தது. விமானத்தின் வால். அதை நன்றாகப் பார்த்தேன். பார்த்த பிறகும் என் வாய் இதைத்தான் சொன்னது:

"அங்கயே நில்லுங்க! காலை நனைச்சுட்டு வாங்க!"

அவர் நனைத்தார். அதுதான் கொடுமை. கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தொட்டிக்குள் வைத்து, அப்படியே நின்றபடி, "நான்தான் ஓட்டிட்டு வந்தேன் சார். மழையில ஒண்ணுமே தெரியல. என் ஒய்ஃப் உள்ள மாட்டிக்கிட்டா. சீக்கிரம் வாங்க சார்" என்றார். 

எனக்குப் பின்னால் வந்து நின்ற மனைவி வாசலோரம் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் தாண்டி ஓடினாள். "ஏனுங்க, அந்தக் கொடையப் போட்டுட்டு வாங்க!" என்று ஓடிக்கொண்டே கத்தினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் குட்டி விமானம் மூக்கு நசுங்கிக் கிடந்தது. பெட்ரோல் வாடை. பற்றிக்கொண்டால் என்ன ஆவது? திரும்பி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. உள்ளே கால் சிக்கிக் கிடந்த பெண், "அண்ணா, விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றாள். அண்ணா என்று கூப்பிட்ட பிறகு எங்கே ஓடுவது? மனைவி சீட்டை நெம்பினாள், நானும் அவரும் இழுத்தோம். வெளியே வந்ததும் மயங்கிவிட்டவளைத் தீவனச் சாக்கில் கிடத்தித் தூக்கிவந்து முட்டை வண்டியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் கண் திறக்கவில்லை. பிழைத்துவிட வேண்டுமே என்று குலதெய்வத்தைக் கெஞ்சிக்கொண்டே வண்டியை ஓட்டினேன். கோழிகளின் நினைப்பு ஒருமுறைகூட வரவில்லை.

பிழைத்துக்கொண்டாள். டீக்கடையில்தான் என் மானம் பிழைக்கவில்லை. "ஏனுங்க மாப்ள, ராக்கெட்டு எறங்குனாலும் காலை நனைக்கோணுங்களா?" என்று யாராவது கேட்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

ஒருநாள் பைலட்டும் அவர் மனைவியும் காரில் வந்து இறங்கினார்கள். அவர் யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் இறங்கி நின்றார். அவள் ஊன்றுகோலோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு கால் முழுக்க மாவுக்கட்டு.

"கட்டு நனையக் கூடாதாம் அண்ணா. நான் இங்கயே நின்னுக்கறேன். கோழிக்கு ஏதாவது ஆயிடப் போகுது" என்றாள். கிண்டலே இல்லை, நிஜமாகவே சொன்னாள்.

 தீவன அறையிலிருந்து ஒரு பலகையை எடுத்துவந்து தொட்டிக்குக் குறுக்கே போட்டேன்.

"ஏனுங்க, சீக்கு வந்துரப் போவுது" என்றாள் என் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"வந்தா வரட்டும் புள்ள" என்றேன். "நீங்க மெதுவா பலகை மேல ஏறி வாங்க அம்மிணி."