ஊஞ்சலில் போட்ட கைக்குட்டை

என் பதிவுகளின் தொடக்கத்தில் எப்போதும் ஒரு படம் இருக்கும். இதில் இல்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்குள், கீழே சொல்லும் இடத்துக்குப் போக நினைத்திருப்பவர்கள் வேண்டிய விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கீரனூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறை அவர்களுடையது இல்லை. அங்கே 'தேடல் வேட்டை' என்றொரு விளையாட்டு. வாசலில் ஒரு வரைபடமும் ஆளுக்கொரு கைப்பட்டையும் தருவார்கள். பூங்காவுக்குள் ஏழு இடங்களில் புதிர்கள். ஒன்றை விடுவித்துப் பட்டையை அங்கிருக்கும் பெட்டியில் காட்டினால் அடுத்த இடத்துக்கான குறிப்பு குரலாக ஒலிக்கும். கடைசிப் பெட்டிக்கு முதலில் வந்து சேரும் அணியில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு மரியாதை உண்டு. மாலை நான்கு மணிக்கு அலைக்குளத்தில் அலை கிளம்பும் பொத்தானை அந்தப் பிள்ளைதான் அழுத்தும்.

ஐந்தாம் வகுப்பு முடித்த என் மகள் யாழினிக்கு அந்தப் பொத்தான் மேல்தான் கண். அவள் வகுப்புப் பெண் ஒருத்தி அழுத்திவிட்டு வந்து, மூன்று வாரம் பள்ளிக்கூடத்தில் அதையே பேசியிருக்கிறாள். லீவு விட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டிலும் அதே பேச்சு. சரி என்று மே மாதத்தில் ஒரு புதன்கிழமை கிளம்பினோம். நான், மனைவி மலர், யாழினி.

கீரனூரில் காலை எட்டரைக்குப் புதுக்கோட்டை பஸ். அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். நிறுத்தத்திலிருந்து பூங்கா மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். டிரைவர் முன்கூட்டியே எச்சரித்தார். "பையில சாப்பாடு இருந்தா இங்கிட்டே சாப்புட்டுட்டுப் போயிருங்க. கேட்டுல வாங்கி வச்சுருவாங்க." நாங்கள் கேட்கவில்லை. மலர் கட்டி வந்த புளிசாதம் நாள் முழுவதும் காவலாளி மேசையில் இருந்தது.

நுழைவுச் சீட்டு பெரியவருக்கு அறுநூறு, பிள்ளைக்கு நானூற்று ஐம்பது. வேட்டைக்கு அணிக்குத் தனியாக இருநூறு. ஒவ்வொரு அணிக்கும் ஒரு பறவையின் பெயர். நாங்கள் மரங்கொத்தி. எங்களுக்கு முன்னால் நின்ற அப்பாவுக்கும் ஆறேழு வயதுப் பெண்ணுக்கும் மைனா. பதினோரு மணிக்கு மணி அடித்ததும் எல்லாரும் ஓடினோம்.

விளையாட்டு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. யானைச் சிலையின் கழுத்து மணிகளை எண்ண வேண்டும், கண்ணாடி அறைக்குள் தலைகீழாக எழுதிய வார்த்தையைப் படிக்க வேண்டும். யாழினி எல்லாவற்றையும் தானே செய்வேன் என்றாள். நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தோம். நான்காவது இடத்திலிருந்து மைனா அணியும் எங்களோடு சரிக்குச் சரியாக வந்தது.

ஆறாவது இடத்தில் மரத்துண்டுகளைச் சேர்த்து ஒரு மீனைச் செய்ய வேண்டும். யாழினிக்கு வால் பொருந்தவே இல்லை. பக்கத்துப் பலகையில் மைனா பெண் ஏறக்குறைய முடித்திருந்தாள். எங்களுக்கு முன்பே முடித்துக் கிளம்பிய ஒரு பையன், "அடுத்து ஊஞ்சலாம்" என்று கத்திக்கொண்டு ஓடியது என் காதில் விழுந்திருந்தது. பூங்காவில் இருப்பது ஒரே ஊஞ்சல். டீ வாங்கப் போனபோது பார்த்திருந்தேன். இரண்டு பேர் உட்கார்ந்து ஆடினால்தான் அதன் தூண் கடைசிக் குறிப்பைச் சொல்லும் என்று அங்கே எழுதியிருந்தது.

இங்கே என் தொழிலைச் சொல்ல வேண்டும். திருச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை. பதினாறு வருடமாக மாலையில் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறவன் நான். துண்டோ கைக்குட்டையோ கிடக்கும் சீட்டில் எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் உட்கார மாட்டார்கள். ஆள் வரும் என்று நின்றுகொண்டே வருவார்கள்.

"தண்ணி வாங்கிட்டு வாரேன்" என்று மலரிடம் சொல்லிவிட்டு ஊஞ்சலுக்குப் போனேன். அந்தப் பையனின் அணி அப்போதுதான் இறங்கிப் போனது. கைக்குட்டையை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க, வழியில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை மேலே வைத்தேன். கை தானாகச் செய்தது என்று சொல்லலாம்தான். ஆனால் பாட்டிலை வைத்தபோது யோசித்துத்தான் வைத்தேன்.

நான் திரும்பிப் போய், யாழினி மீனை முடித்து, நாங்கள் ஊஞ்சலுக்கு வர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. வந்தபோது மைனா அணி அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. வெயில். அந்தப் பெண் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி மாற்றி நின்றாள்.

"ஆளு இருக்குன்னு கர்ச்சீப்பு கெடந்துச்சுங்க. அதான் நிக்கிறோம்" என்றார் அவர். "நீங்கதானா? உக்காருங்க, உக்காருங்க."

யாழினி என்னைப் பார்த்தாள். "நம்ம கர்ச்சீப்பா, அப்பா?"

"முன்னாடி டீ வாங்க வந்தப்ப மறந்து வச்சுட்டேன்டா."

அவள் நம்பினாள். அப்பனும் மகளும் ஆடினோம். தூண் பேசியது, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. குறிப்பு விடுகதை மாதிரி இருந்தது. முன்னால் போன பையனின் அணி அதைத் தவறாகப் புரிந்துகொண்டு ராட்டினத்துக்குப் போய்விட்டது. யாழினி நேரே படகுத் துறைக்கு ஓடினாள். சரியான இடம் அதுதான். எங்கள் பின்னாலேயே மைனா பெண் வந்தாள், பத்தடி தூரத்தில்.

நான்கு மணிக்கு ஒலிபெருக்கியில் மரங்கொத்தி அணியைக் கூப்பிட்டார்கள். யாழினி பொத்தானை அழுத்தினாள், அலை வந்தது, நான் படம் எடுத்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் அது ஒட்டவில்லை.

குளத்து ஓரத்தில் மைனா அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கறம்பக்குடிப் பக்கம், துபாயில் வேலை, அடுத்த வாரம் கிளம்புகிறார். "பாப்பா நேத்துப் பூரா அந்த சுவிட்சுப் பேச்சுதாங்க. அடுத்த லீவுல வர்றப்ப அமுக்கிக்கலாம்னு சொல்லிருக்கேன்."

"அடுத்த லீவு எப்பங்க?"

"ரெண்டு வருசம் ஆகும்ங்க." சிரித்தார். "ஒங்க பொண்ணு கெட்டிக்காரி."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து போய் அவர் பெண்ணுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் யாழினி தூங்கிவிட்டாள். மலர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தண்ணி வாங்கப் போறேன்னு போனவரு கையில பாட்டில் இல்லாம வந்தீங்க. பஸ்ஸுல போடுறது வேறங்க. புள்ளைககிட்டப் போடுறது வேற."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வார நாளில் போங்கள், கூட்டம் குறைவு. குளத்துக்கு நைலான் உடை கட்டாயம், வாடகை நூறு. உள்ளே சாப்பாடு ஒருவருக்கு இருநூற்று ஐம்பது ஆகும், தயிர்சாதம் பரவாயில்லை. வேட்டைக்குத் தொப்பி அவசியம், ஊஞ்சல் பக்கம் நிழலே கிடையாது. பிள்ளைகளை அவர்கள் வேகத்தில் விளையாட விடுங்கள். வால் பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை, விட்டுவிடுங்கள்.

என் பதிவுகளை வெளியிடும் முன் யாழினிதான் படித்து எழுத்துப்பிழை பார்ப்பாள். இதையும் நேற்றுச் சாயங்காலம் அவளிடம் கொடுத்தேன். கொடுக்காமல் வெளியிடலாம் என்று இரண்டு நாள் நினைத்திருந்தேன். மெதுவாகப் படித்தாள். மேலே பொத்தானோடு அவள் நிற்கும் படம் இருந்தது. அதை அவளே நீக்கிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் பாப்பா பேரு என்னப்பா?"

ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேனே தவிர, நான் அதைக் கேட்கவே இல்லை.