மாட்டின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டுக்குச் சாண எரிவாயு அடுப்பு போட்டுக்கொடுத்த சூப்பர்வைசர் ஒரு சோம்பேறி. எண்பதுகளின் நடுவில், திருவண்ணாமலையை அடுத்த கீழ்பென்னாத்தூரில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

விறகுப் புகையில் கண் எரிந்து, வீட்டுக்காரரோடு சண்டை போட்டு நான் வாங்கிய அடுப்பு அது. மூன்றே மாதத்தில் கோளாறு. நெருப்பு எகிறும், சுருங்கும், பொசுக்கென்று அணையும். சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். மனிதர் சைக்கிளை விட்டுக்கூட இறங்கவில்லை.

"உங்க மாடு சரியா திங்கறது இல்லம்மா. சாணத்துல சத்து கம்மி."

நானும் நம்பிப் புண்ணாக்கை அள்ளிப் போட்டேன். மாடு கொழுத்தது. அடுப்பு எரியவில்லை.

வீட்டுக்காரர் கெடு வைத்தார். "பொண்ணு நிச்சயத்தன்னிக்கு காபியாவது இதுல போடு பாக்கலாம். இல்லன்னா சாணக் குழிய மூடிடுவேன்."

நிச்சயத்தன்று காலை பாலை வைத்தேன். நெருப்பு குதித்துக் குதித்து அணைந்தது. அவர் மண்வெட்டியை எடுக்கப் போனார். வாசிக்க வந்திருந்த நாதஸ்வரக்காரர் காபி கேட்டு எட்டிப் பார்த்தவர், அப்படியே காதைச் சாய்த்தார்.

"யக்கா, இன்னொருவாட்டி பத்த வைங்க."

வைத்தேன்.

"களக் களக்குங்குது, கேக்குதா? குழாயில தண்ணி நிக்குது. என் வாத்தியத்துல ஈரம் சேந்தாலும் இப்படித்தான் முக்கும்."

குழியிலிருந்து அடுப்புக்கு முற்றத்தின் குறுக்கே வந்த கறுப்புக் குழாயைத் தடவிக்கொண்டே போனார். நடுவில் அது தொட்டில் போலத் தொங்கியது. அதன் மேல் என் ஈரப் புடவை, இரண்டு பாவாடை.

"யாருக்கா இதுல துணி காயப்போட்டது?"

நான் புடவையையும் பாவாடைகளையும் அவசரமாக உருவினேன்.

"மாடு இல்ல," என்றார் வீட்டுக்காரர்.

குழிப் பக்கம் வாயுவை அடைத்து, அடுப்புப் பக்கம் குழாயைக் கழற்றி, தொங்கலைத் தூக்கினார் நாதஸ்வரக்காரர். ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. வாயுவோடு வந்த ஈரம் பள்ளத்தில் தேங்கி வழியை அடைத்திருக்கிறது. குழாயை இழுத்துக் கட்டிப் பற்ற வைத்ததும் நீலமாக எரிந்தது. முதல் காபி அவருக்கு. மண்வெட்டியோடு நின்றவருக்கு இரண்டாவது.

துணி போட்டது என் தப்புதான். இத்தனை பேர் படிக்கிற இடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன். இன்றுவரை வீட்டில் எது கெட்டாலும், யாரையும் திட்டுவதற்கு முன்னால் காதைக் கொடுத்துக் கேட்கிறேன். சூப்பர்வைசர் ஐயா, முற்றத்தில் பத்தடி நடந்து குழாயைப் பார்க்காமல் என் மாட்டின் மேல் ஏன் பழி போட்டீர்கள்? எங்கே இருந்தாலும் இதே பக்கத்தில் பதில் எழுதுங்கள்.