மூன்று புள்ளி வைத்த பிளாக்

பழைய எஞ்சின் பிளாக்கைத் தட்டிப் பார்த்து "ஆகாது" என்று சொல்வதற்குக் கூலி வாங்குகிற தொழில் என்னுடையது. கூலி கொடுத்தவர்கள் உண்டு, சொன்னதைக் கேட்டவர்கள் இல்லை. தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை சரியில்லை என்று சொல்லிவிட்டு, கல்யாணத்தன்று கடைசிப் பந்தியில் தனியாகச் சாப்பிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கூட்டம்.

பிளாக் என்பது எஞ்சினின் உடம்பு. பிஸ்டன் ஓடுகிற துளைக்குள் குழாய் மாதிரி ஓர் உறை போட்டிருக்கும். அதுதான் லைனர். தேய்ந்தால் சட்டையைக் கழற்றுவதுபோல் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டலாம். வாங்க வருகிறவர்கள் பளபளக்கிற புதுச் சட்டையைப் பார்ப்பார்கள். நான் சட்டை தொங்குகிற தோளைப் பார்ப்பேன். அதற்குக் கருவிகள் உண்டு. எனக்கு வலது கட்டைவிரல் நகம் போதும். ஒரு தடவை இந்த நகத்தால் ஒரு பிளாக்கைத் தடவி, ஜப்பானில் அதை வார்த்த அன்றைக்கு மழை என்று சொன்னேன். விசாரித்ததில் மழைதான். அன்றிலிருந்து எனக்கு 'நகத்து அண்ணன்' என்று பெயர்.

காது உடைந்தவன்

லோகா, தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற லாரிக்காரன். ஒரு நாலு சிலிண்டர் டீசல் பிளாக்கை வாங்கி, ஜூரோங்கில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டான். பச்சைப் பெயிண்ட். பின்பக்கம் போல்ட் பூட்டுகிற காது ஒன்று உடைந்திருந்தது. அது போகட்டும், காது இல்லாமல் எத்தனையோ பேர் நன்றாக வாழ்கிறார்கள். நகத்தை ஓட்டினேன். லைனரின் விளிம்பு பிளாக்குக்கு மேலே ஒரு முடியளவு நிமிர்ந்து நிற்க வேண்டும். மூன்று நிமிர்ந்து நின்றன. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் விளிம்பு பள்ளத்தில் இருந்தது. லைனரை உருவச் சொன்னேன். அது உட்காருகிற படியில் பாதி வட்டத்துக்கு விரிசல்.

இதில் எத்தனை புது லைனர் மாட்டினாலும் கீழே இறங்கும், தண்ணீர் எண்ணெயில் கலக்கும், எஞ்சின் நடுவழியில் நிற்கும், இரும்புக்குப் போட்டுவிடு என்றேன். வேறு யாரும் ஏமாறக் கூடாதென்று, மூன்றாவது சிலிண்டருக்கு நேரே இரும்பில் குழி போடுகிற பஞ்ச் உளியை வைத்து மூன்று குத்துக் குத்தினேன். என் வழக்கத்தில் மூன்று புள்ளி என்றால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். அதை யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை, பார்த்தாலே தெரியாதா என்ற நினைப்பு. லோகா உடைந்த காதைத் தடவிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"அண்ணே, நீங்க வேண்டாம்னு சொன்னது எனக்கு மட்டும்தானே?"

குளித்துவிட்டு வந்தான்

சில மாதம் கழித்து வேறொரு ஒர்க்‌ஷாப் முதலாளி மணியம் கூப்பிட்டார். நல்ல பிளாக் ஒன்று மாட்டியிருக்கிறது, சும்மா வந்து தொட்டுவிட்டுப் போங்கள், மனசுக்குத் திருப்தியாக இருக்கும் என்றார். கோயில் யானை ஆசீர்வாதம் மாதிரி. போனேன். சிவப்புப் பெயிண்ட், புது லைனர்கள். பின்னால் போய்ப் பார்த்தால் அதே உடைந்த காது. மூன்றாவது லைனரை உருவினால், விரிசலில் இரும்புப் பசையைப் பூசி அரத்தால் ராவி, கல்யாணப் பெண்ணுக்குப் பவுடர் போட்ட மாதிரி வைத்திருந்தார்கள்.

யாரிடம் வாங்கினீர்கள் என்றேன். லோகாவிடமாம். 'நகத்து அண்ணன் பார்த்த பிளாக்' என்று சொல்லித்தான் விற்றானாம். நான் பார்த்தது உண்மை. பார்த்துவிட்டு என்ன சொன்னேன் என்பதை அவன் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. விரிசலைப் பற்றி நான் வாயைத் திறந்ததும் மணியம் சுற்றுமுற்றும் பார்த்தார், வேலையாட்கள் காதில் விழுந்துவிட்டதா என்று. என்னை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து சொன்னார்:

"பார்த்தீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

தே தாரிக்

காதர் பாய் தூண்டில்காரர்களைக் கடலுக்கு அழைத்துப் போகிற படகுக்காரர், எனக்குப் பழைய சிநேகிதர். படகுக்குப் புது எஞ்சின் போட்டிருப்பதாகச் சொல்லி, முதல் ஓட்டத்துக்கு வரச் சொன்னார். நாசி பிரியாணி உண்டு என்பதால் நான் கொஞ்சம் சீக்கிரமே போனேன். பலகையைத் தூக்கி எட்டிப் பார்த்தேன். வெள்ளிப் பெயிண்டில் மினுங்கிக்கொண்டு கிடந்தான், காது உடைந்தவன்.

இறங்கச் சொல்லிக் கெஞ்சினேன். நாலு பேர் தூண்டிலோடு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் பேசப் பேச பாய்க்கு முகம் சுருங்கியது. போய்விட்டார். கப்பல்கள் போகிற பாதையின் நடுவில் எஞ்சின் நின்றது. பெரிய டேங்கர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் கடந்து போனதாம், அதன் பக்கச் சுவர் முடியவே இல்லையாம். எப்படியோ இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. எண்ணெயைத் திறந்து விட்டால், உயரத் தூக்கி ஆற்றின பால் டீ, அதுதான் தே தாரிக், அது மாதிரி நுரைத்துக்கொண்டு ஊற்றியது.

நான் சொன்னேனே பாய், கேட்கவில்லையே என்று ஆரம்பித்தேன். அவர் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடைசி நேரத்துல வந்து ஏதோ சொன்னீங்க. ஆனா அதுல உங்க புள்ளி இருந்துச்சே அண்ணே, அதை நம்பித்தானே பூட்டினேன்."

என் மறைவுக்குப் பின்

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பாய் கழற்றிப் போட்ட பிளாக் எங்கே என்று தேடினேன். ஜூரோங்கில் ஒரு பழைய சாமான் கிடங்கில் இருந்தது, இந்தத் தடவை கறுப்பு. கடையில் இருந்தவன் புது ஆள், என்னைத் தெரியாது. வேலையாட்களைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோகிற லாரி ஒன்றுக்குக் கேட்டிருக்கிறார்கள், நாளைக்கு எடுத்துப் போவார்கள் என்றான். அந்த லாரி விரைவுச் சாலையில் நட்டநடுவே நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பின்னால் இருபது பையன்கள், அவர்களுக்குப் பின்னால் கண்டெய்னர் வண்டிகள்.

நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். படி விரிசல் விட்ட பிளாக்தானே தம்பி, பார்த்துக் குறைத்துக் கொடு என்றும் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. என் கையைப் பிடித்து, என் விரலை, பெயிண்டுக்கு அடியில் இருந்த மூன்று குழிகள் மேல் வைத்து அழுத்தினான்.

"இது நகத்து அண்ணன் வச்ச புள்ளி அங்கிள். அவர் செத்துப் போயிட்டாரு லா, இனிமே இந்த மாதிரி பிளாக் உங்களுக்குக் கிடைக்காது."

லிஃப்ட் பக்கத்தில்

இறந்தவன் பேரம் பேசக் கூடாது. கேட்டதைக் கொடுத்து எடுத்து வந்தேன். கொண்டு வந்தவன் புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, லிஃப்ட் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். காலையில் அதன்மேல் நோட்டீஸ் ஒட்டியிருந்தது, வழியை மறிக்கிறதாம், அகற்ற வேண்டுமாம். பழைய இரும்பு எடுக்கிறவனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, யாரும் தூக்கிப் போகாமல் அதன்மேலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இரும்புக்காரனுக்கு முன்னால் லோகா வந்தான். கூடவே இரண்டு ஆள், ஒரு தள்ளுவண்டி. நான் வாங்கின செய்தி தேக்கா முழுக்கப் பரவிவிட்டதாம். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல், பசை, பாய், டேங்கர். பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டான். கடைசியில் என் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்:

"நீங்களே காசு போட்டு வாங்குனீங்கன்னா அது நல்ல பிளாக்தான்னு எனக்கு அப்பவே தெரியும்ணே. பழசை மனசுல வச்சுக்காம எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க."

சம்மட்டி இரவல் வாங்கி அவன் கண் முன்னாலேயே அதை நாலாக உடைத்தேன்; நல்ல பிளாக்கைக் கிழவன் பொறாமையில் உடைத்துவிட்டான் என்று இன்றைக்கும் தேக்காவில் பேசிக்கொள்கிறார்கள், இரும்புக்காரன் வந்து அள்ளினபோது மூன்று புள்ளி இருந்த துண்டை மட்டும் காணோம்.